எல்லாரும் நின்ற படம்

முற்பகல் பதினொன்று இருபதுக்கு பாஹிமாவின் அழைப்பு வந்தது. குண்டசாலை வீட்டில் அலுமாரியைத் திறந்து, ஆஸ்பத்திரியில் இருந்த மனைவிக்கு எந்தச் சட்டையைக் கொண்டுபோவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தர்ஷினிக்கு டெங்கு. காய்ச்சல் இறங்கிவிட்டது என்று காலையில்தான் சொல்லியிருந்தார்கள். பாஹிமா அவளோடு வேலை செய்தவள், அன்று கட்டிலருகே அவள்தான் இருந்தாள். "நீங்க ஒடனே வாங்க" என்றாள். "எப்படி இருக்கா?" என்று கேட்டேன். அழுகைதான் கேட்டது. கையிலிருந்த சட்டையை மடித்து மறுபடி உள்ளே வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

உங்களில் பலருக்கு என் மனைவியை இணைய நூலகத்தின் வழியாகத்தான் தெரியும். கண்டியிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருக்கும் தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் தங்கள் பழைய படங்களையும் பாட்டுகளையும் சேர்த்து வைத்த பொது நூலகம் அது. மென்பொருளை எழுதியவன் நான். அது மனிதர்களுக்குப் பயன்படுகிறதா என்று மதிப்பிடுவது அவள் வேலை. யாரிடமாவது போனைக் கொடுத்து, "ஒங்க குடும்பப் படம் ஒண்ணு தேடி எடுங்க" என்பாள். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வாள். அவர்கள் தடுமாறும்போது கை தானாகப் போய் உதவிவிடுமோ என்ற பயம். ஒருமுறை நான் குனிந்து பொத்தானைக் காட்டப்போனேன். "கைய எடுங்க. இவங்க வீட்டுக்கெல்லாம் நீங்க கூடவே போய் ஒக்காந்திருப்பீங்களா?" என்றாள்.

அவள் பிறந்த ஹுன்னஸ்கிரிய தோட்டத்துக்கு ஒருநாள் போனோம். அடுத்த வீட்டுப் பொன்னுத்தாய் அக்கா தன் அப்பாவின் சாவு வீட்டில் எடுத்த படத்தைத் தேடினார். கிடைத்தது. ஆனால் அதன்மேல் சாம்பல் நிறத் திரை, நடுவில் "இப்படம் மனதைப் பாதிக்கலாம்" என்ற வரி. இறந்தவர்களின் படங்களையெல்லாம் அப்படி மூடவேண்டும் என்று அலுவலகத்தில் முடிவு செய்திருந்தோம்.

"என்ன தம்பி, எங்கப்பா மூஞ்சியில சாம்பலப் பூசி வச்சிருக்கீங்க?"

"பாக்கிறவங்க பயந்துருவாங்கன்னுதான் அக்கா..."

"உசுரோட இருக்கயிலதான் அந்த மனுசனுக்குப் பயந்தோம். இப்ப என்னத்துக்குப் பயம்?"

லயத்து வரிசை வீடுகளில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். தர்ஷினியும் சிரித்தாள், கையை மட்டும் எடுக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சிரிக்கவில்லை. "கொழும்புக் கடையில நிக்கிறவன், கட்டாருல இருக்கிறவன், கட்டிக்குடுத்துப் போனவ, எல்லாரும் ஒண்ணா வர்றது சாவுக்குத்தான். கல்யாணத்துக்குக்கூட லீவு குடுக்க மாட்டான். பெட்டியச் சுத்தி நின்னு எடுத்துக்கிறதுதான் எங்களுக்குக் குடும்பப் படம். அத மூடி வச்சிட்டு அதுக்குப் பேரு நூலகமா?"

கூட வந்திருந்த பாஹிமா ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கட ஊட்டுல மவுத்தானவங்கள போட்டோ புடிக்கிறல்ல. யாராவது புடிச்சாலும் நாங்க பாக்கிறல்ல. எல்லாத்தையும் தெறந்து போட ஏலாது, தர்ஷினி."

"அப்ப படத்தக் குடுத்த குடும்பமே சொல்லட்டும், மூடணுமா தெறக்கணுமான்னு. நடுவுல நம்ம யாரு?"

"இவளோட பேசி வெல்ல ஏலாது. சண்ட புடிச்சதுக்கு டீயாவது வாங்கித் தா" என்றாள் பாஹிமா. குடும்பமே சொல்லட்டும் என்பதுதான் தர்ஷினியின் மதிப்பீட்டில் கடைசியாகச் சேர்ந்த பரிந்துரை. அதற்கேற்ப மென்பொருளை மாற்றினேன். இறந்தவரின் படம் ஒன்றைச் சேர்க்கும்போது, "இதைத் திறந்து வைக்கலாமா?" என்று குடும்பத்தாரிடம் அது கேட்கும்.

அடக்கத்துக்கு அவளை ஹுன்னஸ்கிரியவுக்குத்தான் கொண்டுபோனோம். மஹய்யாவவிலிருந்து என் பக்கத்துச் சொந்தக்காரர்கள் பஸ் பிடித்து வந்தார்கள். படம் எடுப்பவர் "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்றார். யாரோ என் தோளைப் பிடித்து கேமரா பக்கம் திருப்பினார்கள். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. எல்லாரும் நின்றார்கள். கட்டாரில் இருக்கும் அவள் தம்பி நிரோஷனுக்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை. மழையில் சிக்னலும் போய்விட்டதால் அவனுக்குப் போனில்கூடக் காட்ட முடியவில்லை.

அன்றிலிருந்து அவன் அழைத்துக்கொண்டே இருந்தான். "மச்சான், அந்தப் படத்த நூலகத்துல போடுங்க. அப்பா சாவுப் படமும் அங்கதான கெடக்கு. அதுல நான் அக்கா கையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்."

"அப்புறம் பாப்போம்டா."

"அக்கா போயிட்டான்னு நம்பவே முடியல மச்சான். டியூட்டி முடிஞ்சதும் போன எடுத்து அவளுக்கு மெசேஜ் போடப் போயிடுறேன். ஒருக்கா பாத்துட்டன்னா தெரிஞ்சிரும்."

அவனுக்குத் தெரியவேண்டும். எனக்குத் தெரியவேண்டாம். படத்தின் கோப்பு என்னிடம்தான் இருந்தது. திரையை விலக்கச் சொன்னவள் யார் என்பதும் எனக்குத் தெரியும். அவளோடு வாதாடவாவது முடிந்தால் நன்றாக இருக்கும். மற்றவர்களின் இறந்தவர்களுக்காக அவள் சொன்ன நியாயம் அவளுக்கும் பொருந்துமா என்று கேட்டிருப்பேன். பொருந்தும் என்றுதான் சொல்லியிருப்பாள்.

இன்று மாலை படத்தைச் சேர்த்தேன். நான் எழுதிய கேள்வி என்னிடமே வந்தது. உள்ளங்கையால் போன் திரையின் மேல்பாதியை மறைத்துக்கொண்டு "ஆம்" என்பதை அழுத்தினேன். படத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கப்போவதும் இல்லை.

அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை அந்த மதிப்பீட்டின் ஒலிப்பதிவுகள். அவற்றில் அவள் குரல் அதிகம் இல்லை. மற்றவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள், அவள் பேசாமல் பக்கத்தில் இருக்கிறாள். அவள் பேசாமல் இருப்பதைத்தான் நான் வைத்திருக்கிறேன். அதில் எனக்கு ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை.

கட்டாரில் நிரோஷனுக்கு இப்போது வேலை முடிகிற நேரம். படத்தைப் பார்த்ததும் என்னைத்தான் முதலில் அழைப்பான். அவன் அழுவான், நான் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும். என்னால் ஆகாது. போனை அணைத்துவிட்டேன்.