குப்பியை அழித்த படம்

காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே ஸ்மிதா, பொன்குலை தேங்காய் எண்ணெயின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு காலை வணக்கம் போட்டுவிடுவாள். மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எண்ணெய் போகிறதே. அதற்குப் பிறகுதான் அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு ஏறும்.

வெள்ளறடையிலிருந்து ஒற்றசேகரமங்கலம் போகும் வழியில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது எண்ணெய் மில். ஆறு வருடம் அங்கே குப்பிகளில் லேபிள் ஒட்டியவள் ஸ்மிதா. போனில் கெட்டிக்காரி என்று முதலாளி சத்தியராஜ் பக்கத்தை அவளிடம் கொடுத்தார்.

"இன்னைக்கு புதுசா என்ன உண்டு ஸ்மிதா?" என்று தினமும் ஒன்பது மணிக்குக் கேட்பார்.

"நேத்து காஞ்ச கொப்பரை இன்னைக்கும் காயுது அண்ணா" என்பாள் அவள். அவர் சிரிக்க மாட்டார்.

கொப்பரையை எத்தனை நாள் காட்டுவது? அலுத்துப்போய் மனிதர்களைக் காட்டத் தொடங்கினாள். பேக்கிங் பெண்கள் ஒவ்வொருவரையும் கன்னத்தோடு ஒரு எண்ணெய்க் குப்பியைச் சேர்த்துப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தாள். முதல் படம் சௌதாமினியுடையது. ஐம்பத்தெட்டு வயது. மேல்வரிசையில் ஒரு பல் இல்லாததால் வாயை மூடியே சிரிக்கிறவள், அன்று என்னவோ திறந்து சிரித்துவிட்டாள். நானூறு பேர் விருப்பம் தெரிவித்தார்கள்.

"எனக்க கல்யாணத்துக்குகூட இம்புட்டு பேரு வரல்ல மக்கா" என்றாள் சௌதாமினி.

கருத்து எழுதுகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி விரல் வலித்ததால், ஸ்மிதா தானாகவே போகும் ஒரு பதிலை அமைத்து வைத்தாள். யார் எதை எழுதினாலும் உடனே போகும்: "உங்கள் அன்புக்கு நன்றி! ஆர்டருக்கு அழைக்கவும்." கூடவே மில்லின் எண்ணும் ஒரு பச்சை இதயமும். அமைத்த பிறகு அதை மறந்தும் போனாள்.

ஓணத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் சௌதாமினி குளிக்கப் போன இடத்தில் விழுந்து இறந்தாள். மதியத்துக்குள் அவளுடைய ஒரே மகள் அஷ்வதி கூப்பிட்டாள். இந்த வட்டாரத்தில் சாவு என்றால் சாயங்காலத்துக்குள் சாலைகள் கூடும் முக்கில் படத்தோடு ஃபிளெக்ஸ் ஏறிவிட வேண்டும்.

"அக்கா, அந்த சிரிச்ச படத்த தருவியளா? அதிலயாக்கும் அம்மை அம்மைய மாதிரி இருக்கது."

ஸ்மிதா போனிலேயே குப்பியை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினாள். அதே படத்தை ஒரே ஒரு அஞ்சலி வரியோடு பொன்குலை பக்கத்திலும் போட்டாள். இரண்டு நாளில் நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். பக்கம் தொடங்கியதிலிருந்து அப்படி ஒரு கூட்டம் வந்ததில்லை. சத்தியராஜும் அந்த எண்ணிக்கையைப் பார்த்தார்.

ஞாயிறு காலை, எலும்பெடுக்கும் சஞ்சயனம். சௌதாமினியின் வீட்டு அடுக்களையில் ஸ்மிதா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அஷ்வதி உள்ளே வந்து போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். பழைய படம், குப்பியோடு. சத்தியராஜ் அரை மணி நேரத்துக்கு முன்னால் தன் போனிலிருந்தே பொன்குலை பக்கத்தில் போட்டிருந்தார். 'சௌதாமினி சேச்சி கடைசிவரை நம்பிய எண்ணெய். ஓணத்துக்கு ஒரு லிட்டர் வாங்கினால் அரை லிட்டர் இலவசம்.'

"எனக்க அம்மைய குப்பியில அடச்சு விக்கியளா அக்கா?"

"நான் போடல்ல பிள்ளே. அண்ணனாக்கும்..."

"இதயும் அவராக்குமா போட்டது?" விரலால் தள்ளி, முதலில் வந்த அஞ்சலியைக் காட்டினாள். இறந்த அன்று அஷ்வதி அதன் கீழே 'எனக்க அம்மே' என்று மட்டும் எழுதியிருந்தாள். அதற்கு அடியில் பதில் வந்திருந்தது: உங்கள் அன்புக்கு நன்றி! ஆர்டருக்கு அழைக்கவும். பச்சை இதயம்.

 ஸ்மிதா அரிவாள்மணையை ஒதுக்கிவிட்டு, ஈரக்கையோடு போனை எடுத்து இரண்டு பதிவுகளையும் அழித்தாள். தானாகப் போகும் பதிலையும் நிறுத்தினாள். ஐந்து நிமிடத்தில் சத்தியராஜ் கூப்பிட்டார்.

"ஸ்மிதா, போஸ்ட காணல்லியே. நல்லா ஏறி வந்துது."

"நானாக்கும் எடுத்தது."

"யாருகிட்ட கேட்டு?"

"நீங்க யாருகிட்ட கேட்டு போட்டிய?"

"அவ நம்ம குடும்பம்லா பிள்ளே."

"குடும்பமுன்னா இன்னேரம் இஞ்ச வந்து பந்தலுல இருக்கணும். வீட்டுல இருந்துக்கிட்டு சாவுக்கு ஆஃபர் போடுதிய. ஒங்க வீட்டு சுவருல ஒங்க அம்மைக்க படம் மாலை போட்டு உண்டுல்லா? அதுக்க கையில ஒரு குப்பிய குடுத்து போடுங்க. நல்லா ஏறும்!"

அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெண்களின் கை நின்றது. 

"நாளையிலயிருந்து நீ பக்கத்த தொடண்டாம்."

"தொடல்ல. லேபிள் ஒட்ட வாறேன். ஓணத்துக்கு ஆளு வேணும்லா ஒங்களுக்கு."

துண்டித்துவிட்டுத் திரும்பினாள். அஷ்வதி நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் முகம் இளகவில்லை.

"அந்த பதில வச்சது நீங்களாக்குமா?"

"ஆமா."

"யாரும் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சியளா?"

"நெனச்சுப் பாக்கவே இல்ல."

"படம் ஒங்க போனுல உண்டா?"

"உண்டு."

"அழியுங்க."

அவள் கண் முன்னாலேயே ஸ்மிதா அழித்தாள். அஷ்வதி போனை வாங்கி ஒருமுறை பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். "சாப்பிட்டுட்டு போங்க" என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டுப் பந்தலுக்குப் போனாள். ஸ்மிதா மிச்சப் பயறையும் நறுக்கி முடித்தாள். சாப்பிடவில்லை.

பஸ்ஸுக்காக முக்கில் வந்து நின்றபோது எதிரே ஃபிளெக்ஸ் மழையில் நனைந்துகொண்டிருந்தது. ஆளுயரத்தில் சௌதாமினி, பல் இல்லாத இடம் தெரியச் சிரித்துக்கொண்டு. கன்னத்தின் அருகே அவளுடைய வலது கை, எதையோ இறுகப் பிடித்திருப்பதுபோல ஐந்து விரலும் மடங்கியிருந்தது. அன்று அனுப்பிய அவசரத்தில் ஸ்மிதா குப்பியை மட்டும்தான் அழித்திருந்தாள்.