சம்பந்தி வீட்டில் ஒரு பொலிஸ் பதிவு

என் மகள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். விமான நிலையத்தில் பெட்டிகளைக் கொடுத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, அங்கை போய்ப் பயந்த முகத்தோட மட்டும் இருக்காதேங்கோ. அவையள் உங்களைத்தான் பாக்க வேணுமெண்டு கேட்டவை" என்றாள்.

அவையள் என்றது, அவள் கட்டப்போகும் பெடியனின் தாய் தகப்பனை. சீனாக்காரப் பெடியன். டோர்ட்முண்டில் அவளோடு படித்துவிட்டு அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவன். அவன் தாய்க்கு இந்தச் சம்பந்தத்தில் முழு மனதில்லை. ஜெர்மனியில் இருக்கிற பிள்ளை, ஆனால் ஜெர்மன்காரியும் இல்லை; எந்தக் குடும்பம், எப்படிப்பட்ட தாய் என்று பார்க்காமல் எப்படிச் சம்மதிப்பது என்று கேட்டாராம். தாயைப் பார்த்தால் மகளைத் தெரிந்துவிடும் என்பது அவருடைய எண்ணம். எனக்கு அதில் கோபமில்லை. பெடியனைப் பற்றி நானும் அதே கேள்வியைத்தான் கேட்டிருந்தேன்.

என் கணவர் முதுகு ஒப்பரேஷனைச் சாட்டாக வைத்துத் தப்பிக்கொண்டார். கெல்சென்கிர்ச்சனில் வீட்டு வாசலில் நின்று வழியனுப்பும்போது, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நீர் போய் அந்தச் சனத்தையும் பயப்படுத்திப் போடாதையும்" என்றார். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

நான் முதியோர் இல்லத்தில் இருபது வருடமாக வேலை செய்கிறவள். இறந்தவரின் உடலைக் கழுவி உடுப்பு மாற்றும்போது எனக்குக் கை நடுங்காது. யூனிபோர்ம் போட்ட மனிதரைக் கண்டால்தான் பயம். ரெயிலில் டிக்கெட் பார்க்க வருகிறவர்கூட, கையில் டிக்கெட் இருந்தாலும், எனக்குப் பொலிஸ்தான். ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்தால் இந்தப் பயம் போய்விடும் என்று நினைத்தேன். பாஸ்போர்ட் வந்தது, பயம் போகவில்லை. ஒரு நாட்டின் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு இன்னொரு நாட்டின் பயத்தோடு திரிகிறவள் நான்.

சீனாவில் ரெயில் நிலையத்துக்குள் போகப் பாஸ்போர்ட் காட்ட வேண்டும். மேடைக்கு இறங்க மறுபடி பாஸ்போர்ட். போய்ச் சேர்ந்து வெளியே வரவும் பாஸ்போர்ட். மற்றவர்கள் தங்கள் அட்டையை மெஷினில் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். எங்கள் இருவரை மட்டும் ஒவ்வொரு முறையும் ஓரத்து வாசலுக்கு அனுப்பினார்கள். அங்கே நிற்கும் ஆள் பாஸ்போர்ட்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடியும் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அதில் இருக்கிறது. அதை வாசித்து அவருக்கு என்ன விளங்கப்போகிறது? ஒன்றும் விளங்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வியர்த்தது.

சின்ன நகரம் என்றுதான் பெடியன் சொல்லியிருந்தான். எங்கள் கெல்சென்கிர்ச்சன் அதற்குள் நாலுதரம் போகும். ஆற்றங்கரை நெடுகிலும் ஒரே மாதிரியான உயரக் கட்டடங்கள், அவற்றுக்குப் பின்னால் பழைய மாடி வீடுகள். மின்சார ஸ்கூட்டர்கள் ஒரு சத்தமுமில்லாமல் நடைபாதையிலேயே முதுகுக்குப் பின்னால் வந்து நின்றன. வெளிநாட்டு முகம் அந்த ஊருக்குப் புதினம் போலும். ஒரு முதியவர் நேரே என் முன்னால் வந்து நின்று என் பொட்டை நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனார். சந்தியில் ஒரு கமரா பளிச்சென்று வெளிச்சம் அடித்தபோது நான் மகளுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன்.

"அது வாகனங்களைப் படமெடுக்கிறது, அம்மா."

"ஓம், ஓம். எனக்குத் தெரியும்" என்றேன்.

சம்பந்தி வீடு லிப்ட் இல்லாத கட்டடத்தில் ஐந்தாம் மாடி. எங்களுக்கு முன்பே ஊருக்கு வந்திருந்த பெடியன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஏறினான். சம்பந்தி மெல்லிய, அதிகம் பேசாத மனிதர். சம்பந்தியம்மா ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர். குட்டையாக வெட்டிய தலைமயிர், கண்ணை எடுக்காத பார்வை. விடை சரியோ பிழையோ என்று பார்க்கிற பார்வை. ஆனால் எங்களுக்காகத் தங்கள் படுக்கையறையையே விட்டுக் கொடுத்திருந்தார்கள். புதுக் கட்டில் விரிப்பு, என் கால் அளவை மகனிடம் கேட்டு வாங்கிய புதுச் செருப்பு. ஹோட்டலில் தங்குகிறோம் என்று இனி வாயைத் திறக்க ஏலாது.

மறுநாள் காலை ஒலிபெருக்கிச் சத்தத்தில் விழித்தேன். தெருவில் ஓர் ஆண்குரல் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தது. சண்டைக் காலத்தில் எங்கள் ஊரில் காலையில் ஒலிபெருக்கி வந்தால் இராணுவத்தின் சுற்றிவளைப்பு என்று அர்த்தம். எல்லோரும் அடையாள அட்டையோடு பள்ளிக்கூட மைதானத்துக்கு வர வேண்டும். இரண்டு நிமிடத்தில் உடுத்துவிட்டேன். பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் நுனியில் இருந்து மகளை உலுப்பினேன்.

"எழும்பு பிள்ளை. சனத்தைக் கூப்பிடுறாங்கள்."

அவள் ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். "அம்மா, அது பழைய பிரிட்ஜ் எடுக்கிற ஆள்."

மூன்று சில்லு வண்டிக்காரர் தன் குரலைப் பதிவு செய்து ஓடவிட்டிருந்தார். மகள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மா வெந்நீர்ப் போத்தலோடு கதவைத் திறந்தார். காலை ஆறரை மணிக்குச் சப்பாத்தும் போட்டு, மடியில் கைப்பையோடு இருந்த என்னை மேலிருந்து கீழே பார்த்தார். போத்தலை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

சாப்பாட்டு மேசையில் சம்பந்தி மகன் மூலமாக எங்கள் பாஸ்போர்ட்டுகளைக் கேட்டார். வெளிநாட்டார் வீட்டில் தங்கினால் ஒரு நாளுக்குள் பொலிஸ் நிலையத்தில் பதிய வேண்டுமாம். எல்லோருமாகப் போய்வரலாம், பக்கத்துத் தெருதான் என்றார். என் கையில் இருந்த சோயாப்பால் மேசையில் ஊற்றுப்பட்டது.

மகள் துடைத்துக்கொண்டே தமிழில் மெல்லச் சொன்னாள். "இது ஆன்மெல்டுங் மாதிரித்தான் அம்மா. ஜெர்மனியிலையும் வீடு மாறினா போய்ப் பதியிறனாங்கள்தானே."

"அங்கை நகரசபையிலை பதியிறது. இஞ்சை பொலிசிலை."

"அம்மா, பிளீஸ். அவ பாத்துக்கொண்டு இருக்கிறா."

அவ என்றது சம்பந்தியம்மாவை. பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் எழுந்து சப்பாத்துக் கயிற்றை மறுபடி கட்டினேன்.

பொலிஸ் நிலையம் ஒரு சின்னக் கடை அளவுதான். கண்ணாடி போட்ட ஒரு பெண் பொலிஸ், என் மகளின் வயதுகூட இருக்காது, கதிரை தந்து சிரித்தாள். முதலில் படம் எடுக்க வேண்டும் என்று என்னைச் சுவரோடு நிற்கச் சொன்னாள். அங்கேதான் எல்லாம் பிழையாகப் போனது. வெள்ளைச் சுவரில் முதுகு பட்டவுடன் நான் வேறொரு சுவரோடு நின்றேன். காதுக்குள் இரைச்சல். அவள் இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், பிறகு பெடியனிடம் ஏதோ கேட்டாள். அவன் என்னிடம் ஜெர்மனில் சொன்னான்.

"இரண்டு பேருக்கும் குடும்பப் பெயர் வேறாக இருக்கிறதாம். இவள் உங்களுக்கு யார் என்று கேட்கிறாள்."

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக இருப்பது என் அப்பாவின் பெயர். மகளுடையதில் அவளுடைய அப்பாவின் பெயர். எங்கள் ஆட்களுக்கு இது புதினமான விஷயமில்லை. பாலர் பாடசாலையிலிருந்து ஆஸ்பத்திரி வரை எத்தனையோ ஜெர்மன்காரருக்கு நான் சிரித்துச் சிரித்து விளங்கப்படுத்தியிருக்கிறேன்.

"ஒருத்தரும் இல்லை" என்றேன். "எனக்கு இவளைத் தெரியாது."

இல்லை என்று தலையையும் பலமாக ஆட்டினேன். ஜெர்மனில் சொன்னேன் என்பதும், சொன்னது என் வாய்தான் என்பதும் எனக்குப் பிறகுதான் உறைத்தது. பெடியன் மொழிபெயர்க்காமல் மகளைப் பார்த்தான். மகள் தரையைப் பார்த்தாள். பொலிஸ் பெண் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். கடைசியில் பெடியன் ஒரே ஒரு சொல் சொன்னான், அவள் எழுதிக்கொண்டாள். தாய் என்று சொன்னானாம். இரண்டு துண்டுக் காகிதங்களில் முத்திரை குத்தித் தந்து, நல்வரவு என்று கை காட்டி அனுப்பினாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பின்னால் மரவாங்கில் இருந்த சம்பந்தியம்மாவுக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் மகளைக் காட்டிக் கேட்டதற்கு நான் இல்லை என்று தலையை ஆட்டியதைப் பார்த்துவிட்டார். தலையாட்டலுக்கு மொழிபெயர்ப்பு எதற்கு? வீட்டுக்கு வரும் வழியில் மழை தூறியது. மகள் பெடியனின் குடைக்குள் போய்விட்டாள். நான் சம்பந்தியின் குடைக்குள் நடந்தேன். பெற்ற பிள்ளையின் கலியாணத்தை என் வாயாலேயே குழப்பிவிட்டேன் என்று எனக்கு நன்றாக விளங்கியது.

மதியம் மேசை நிறையச் சாப்பாடு. ஒருவரும் தொடவில்லை. சம்பந்தியம்மா மகனிடம் ஏதோ கேட்டார். அவன் இழுத்தான். அவர் மேசையில் விரலால் ஒருமுறை தட்டினார்.

"பொலிசில் நீங்கள் ஏன் தலையை ஆட்டினீர்கள் என்று அம்மா கேட்கிறார்" என்றான்.

கேள்வி விளங்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பொலிஸ் நிலையத்திலிருந்து வந்த பிறகு முதல் தடவையாக மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், இன்னொரு பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜெர்மனில் தொடங்கினேன், இரண்டாவது வசனத்தில் ஜெர்மன் நின்றுவிட்டது. தமிழில் சொன்னேன். மகள் அதை ஜெர்மனில் சொல்ல, பெடியன் சீன மொழியில் சொன்னான்.

வெளிநாடு போவதற்காகக் கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தோம், நானும் இன்னொருவனும். அங்கேயும் தமிழர் பொலிசில் பதிய வேண்டும். பதிந்திருந்தோம், எல்லாம் ஒழுங்காக. யாரேனும் பிடிபட்டால் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது என்று சொல்ல வேண்டும், ஒராளாவது மிஞ்சினால்தான் மற்றவரைத் தேடலாம் என்று எங்களுக்கு முன்பு தங்கியிருந்தவர்கள் சொல்லித் தந்திருந்தார்கள். ஒரு காலை பொலிஸ் வந்து எல்லோரையும் சுவரோடு நிற்பாட்டியது. எங்கள் இரண்டு அடையாள அட்டையிலும் ஒரே அப்பாவின் பெயர். இவன் யார் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். அந்தப் பெயர் எங்கள் பக்கம் கனபேருக்கு உண்டு என்றும் சொன்னேன். அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு நான் போய்த் தேடவும் இல்லை. தெரியாது என்று நானே சொன்ன ஒருவனை என்னவென்று போய்த் தேடுவது? அதை மட்டும் ஒருவரும் யோசித்திருக்கவில்லை.

"அவன் என்ர தம்பி" என்றேன்.

மகள் மொழிபெயர்ப்பதை நிறுத்தினாள். "கனடா மாமாவோ?"

"ஓம்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது பிள்ளை?"

பெடியன் காத்திருந்தான். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு அந்த ஒரு வசனத்தையும் ஜெர்மனில் சொல்லி முடித்தாள்.

சம்பந்தியம்மா தன் கதிரையை என் பக்கம் திருப்பினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். தம்பி திரும்பி வந்தாரா?

வந்தான், மூன்று கிழமைக்குப் பிறகு. இடது கை முழுதாக மடங்காது. அன்றைக்கு என்ன நடந்தது என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தீபாவளிக்குப் போன் எடுப்பான், காலநிலையைப் பற்றிக் கதைப்போம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் எழுந்தார். ஆறிப்போன சூப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சுடவைத்துக் கொண்டு வந்தார். "வந்துவிட்டார்தானே, சாப்பிடுங்கள் என்கிறார்" என்றான் பெடியன். பாதிச் சாப்பாட்டில், ஜெர்மனியில் குளிர் குறைந்த மாதம் எது என்று கேட்டார். கலியாணத்துக்கு வருவதற்காம். ஜூன் என்றேன்.

அந்த ஊரில் மதியம் எல்லோரும் ஒரு சின்னத் தூக்கம் போடுவார்கள். வீடு அடங்கிய பிறகு நானும் மகளும் புது விரிப்பில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தோம். அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"அம்மா."

"என்ன?"

"அந்தப் பொலிஸ் பிள்ளை என்னட்டைக் கேட்டிருந்தா, என்ர அம்மா எண்டுதான் நான் சொல்லியிருப்பன். எங்கை, ஆர் கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லுவன்."

"தெரியும் பிள்ளை" என்றேன். "அதுதான் எனக்குப் பயம்."