எங்கள் தையல் வகுப்புக்குக் காற்று தந்த யசோ அக்கா

யசோ அக்கா போய்விட்டார். இன்று காலை, கொழும்பில்...

வகுப்பு நடந்துகொண்டிருந்த நேரம் அவருடைய மகள் போனில் கோல் எடுத்தாள். மெசின் சத்தத்தில் முதலில் விளங்கவில்லை. இரண்டாம் தரம் அவள் சொல்ல முன்னமே விளங்கிவிட்டது.

தெரியாதவர்களுக்காக: நெடுந்தீவில் நான் தையல் படிப்பிக்கிற தொழிற்பயிற்சி நிலையத்தை வரைந்தவர் அவர். ஆர்க்கிடெக்ட். தாய் தகப்பன் இந்தத் தீவு ஆட்கள், கடை வைத்திருந்தது தெற்கே காலி நகரத்தில். அக்கா பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான்.

இதற்கு முன்பு நாங்கள் இருந்தது ஒரு தகரக் கொட்டகை. பதினொரு மணிக்குப் பிறகு உள்ளே இருக்க முடியாது. தலையிடி என்று வீட்டுக்குப் போகிற பிள்ளைகள் மறுநாள் வருவார்கள், பிறகு வரவே மாட்டார்கள். அப்படி எத்தனையோ பேரை இழந்தேன்.

அக்கா கட்டித் தந்ததில் ஏசி இல்லை. இடிந்து கிடந்த பழைய மதில்களின் கல்லை எடுத்து, கல்லுக்குக் கல் இடைவெளி விட்டுக் கட்டிய சுவர். மேலே பனைமரச் சலாகை, ஓடு. கூரையில் விழுகிற மழைத்தண்ணீர் முழுக்கத் தொட்டிக்குப் போகும். தென்மேற்கிலிருந்து வருகிற சோளகக் காற்று தொடங்கினால் உச்சி வெயிலிலும் உள்ளே வேர்க்காது.

பால் காய்ச்சிய நாள்... ஐயோ, அதை எப்படி மறப்பது.

நடு ஹோலில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினோம். நெருப்புப் பிடிக்கவில்லை, பிடித்தாலும் நிற்கவில்லை. சோளகம் ஒரு பக்கத்தால் வந்து மற்றப் பக்கத்தால் போய்க்கொண்டிருந்தது. பால் பொங்காவிட்டால் என்ன சகுனமோ என்று நாங்கள் முகம் கறுத்து நிற்க, தச்சு வகுப்பு படிப்பிக்கிற செல்வம் அண்ணை மறைப்புக்கு ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

அக்காவுக்கு மட்டும் வாயெல்லாம் பல். தன் கட்டடத்துக்குள் காற்று வருகிற சந்தோஷம் அவருக்கு! பட்டுச்சேலையோடு அடுப்படியில் குந்தி, தலைப்பை விரித்துப் பிடித்தார். நாங்களும் சுற்றிக் குந்தினோம். பால் பொங்கியது, சேலையில் நெருப்புப் பட்டு ஓட்டையும் விழுந்தது. அந்த ஓட்டையை நான்தான் தைத்துக் கொடுத்தேன்.

வகுப்பு தொடங்கிய பிறகுதான் சிக்கல். துணி வெட்ட அளவெடுத்து வைத்த கடதாசிப் பேட்டன் எல்லாம் பறந்தது. தச்சு வகுப்பின் மரத்தூள் முழுக்க எங்கள் துணியில். ஒரு கலியாணப் பொம்பிளையின் பிளவுஸில் தூள் அப்பியதைப் பார்த்து நான் அழுதே விட்டேன்.

சுவரை அடைத்து ஏசி போடுவோம் என்றது நிர்வாகசபை. வாங்கித் தர வெளிநாட்டில் ஒருவர் ரெடி. எங்கள் ஊர்க் கரண்ட் போனால் அடைத்த அறைக்குள் பிள்ளைகள் அவிந்துபோவார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை.

கேள்விப்பட்டு அக்கா வந்தார். கடல் கொந்தளிக்கிற காலம். வழி முழுக்கப் படகில் குமட்டிச் சத்தி எடுத்து, பச்சைத் தண்ணீரும் குடிக்காமல் நேரே வகுப்புக்கு வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து துணி வெட்டினார். அவருடைய பேட்டனும் பறந்தது. அதைத் துரத்திக்கொண்டு ஓடினார், பிள்ளைகள் சிரித்தார்கள்.

திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "பிழை என்ரைதான் பிள்ளை. காத்து வாற வழியைப் பாத்தனான். நீங்கள் துணி வெட்டுற மேசையைப் பாக்கேல்லை."

தையலும் தச்சும் இடம் மாறின. காற்று வருகிற பக்கம் நாங்கள், போகிற பக்கம் மரத்தூள். மேசை உயரத்தில் இருந்த இடைவெளிகளுக்கு மட்டும் செல்வம் அண்ணையின் பிள்ளைகள் சின்னச் சின்னப் பலகைக் கதவு செய்து போட்டார்கள். இப்போது காற்று தலைக்கு மேலாலும் காலடியாலும் போகிறது, துணி அசையாது. ஏசிக் கதையும் அடங்கியது.

அக்கா படுக்கையில் விழ, அந்தக் கதை மறுபடி கிளம்பியது.

போன கிழமை கோல் எடுத்தேன். ஆஸ்பத்திரி அறையில் ஜன்னல் திறக்க முடியாதாம், அதற்கு நேர்ஸோடு சண்டையாம்... சொல்லிச் சிரித்தார், பிறகு இருமினார். எங்கள் சுவரை அடைக்கப் போகிறார்களா என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை நிர்வாகசபைக் கூட்டம் இருக்கிறது என்றேன்.

"நீர் கூட்டத்திலை வாய் திறக்கிறேல்லை, என்ன?"

உண்மைதான். எத்தனை வருடமாகப் போகிறேன். எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுப்பேன், கடைசிக் கதிரையில் இருப்பேன், வந்துவிடுவேன்.

"இந்த முறை வாய் திறந்து கதையும்."

"ஓம் அக்கா" என்றேன். அதுதான் நாங்கள் கடைசியாகக் கதைத்தது.

செத்தவீடும் சனிக்கிழமைதானாம். கூட்டத்தைத் தள்ளி வைக்கக் கேட்டுப் பார்த்தேன். ஏசி தருகிறவர் ஊருக்கு வந்து நிற்கிறார், ஞாயிறு பிளேன், அதனால் ஏலாது என்றுவிட்டார்கள்.

பின்னேரம் முழுக்க வகுப்பில் தனியே இருந்து அழுதேன். உங்கள் முகத்தைக் கடைசியாக ஒருக்கால் பார்க்க வேண்டும் போல இருக்கிறது அக்கா. அவ்வளவு ஆசையாக இருக்கிறது.

ஆனால் நான் கொழும்புக்கு வரவில்லை.

கூட்டத்துக்குப் போறன் அக்கா. கதைக்கப் போறன். நீங்கள் ஆறுதலாய்ப் போங்கோ...