சவரிமுத்துவின் ஆட்டோவில் ஒரு நிரந்தரப் பயணி

காலை ஆறே முக்காலுக்குப் பதுளையில் அப்புத்தளை பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷம் ஹாலிஎல வரைக்கும்தான். ஜன்னல் மூடாது என்பது அங்கே தூறல் தொடங்கியபோது தெரிந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் பஸ்ஸுக்குள்ளேயே குடையை விரித்து எனக்கும் சேர்த்துப் பிடித்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பண்டாரவளையில் அவர் இறங்கும்போது, “குடைய வச்சுக்கிறீங்களா, நாளைக்குத் தாங்க” என்றார். நாளைக்கு அவரை எங்கே தேடுவது? நன்றி சொல்லி நனைந்துகொண்டேன்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. தொழில்வழிச் சிகிச்சை என் வேலை. நோயோ விபத்தோ கையையோ காலையோ வாங்கிக்கொண்ட பிறகு, குளிப்பது, சமைப்பது, வேலைக்குப் போவது எல்லாவற்றையும் ஒருவர் மறுபடி தானே செய்யப் பழக்கிவிடுவது. இப்போது ஓர் ஆய்வுக்காக ஊவாத் தோட்டங்களுக்கு வந்திருக்கிறேன். நீண்டகால நோயோடு இருப்பவர்கள் தங்களுக்கு மிக முக்கியமான ஒரு வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று கூட இருந்து பார்ப்பதுதான் ஆய்வு. பெரும்பாலானவர்கள் சமையல், துணி துவைத்தல், கோயிலுக்குப் போதல் என்று சொல்வார்கள். சவரிமுத்து என்பவர் மட்டும் தொலைபேசியில், “ஆட்டோ ஓட்டுறதுங்க” என்றார். சர்க்கரை வியாதியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது, இப்போது செயற்கைக் கால். வைத்தியச் சான்றிதழ் காட்டி லைசன்சும் புதுப்பித்துவிட்டாராம். ஓட்டுவதைக் கூட இருந்து பார்ப்பதென்றால் பின்னால் உட்கார்ந்துதான் பார்க்கவேண்டும். ஆய்வுக்கு உயிரைப் பணயம் வைப்பது பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை.

ஒன்பது மணிக்கு அப்புத்தளை. ஒரு பக்கம் பண்டாரவளைச் சரிவு, மறு பக்கம் தெற்குச் சமவெளி, நடுவில் ஒரு கடைத்தெரு அகலத்துக்கு ஊர். நான் போனபோது இரண்டு பக்கமும் பனிமூட்டம்தான் இருந்தது. ஆட்டோ தரிப்பிடத்தில் ஊன்றுகோலோடு யாராவது நிற்கிறார்களா என்று தேடினேன். காற்சட்டையும் சப்பாத்தும் போட்ட, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் விறுவிறுவென்று வந்து என் பையை வாங்கினார்.

“யாழ்ப்பாணத்து மிஸ்தானே? ஏறுங்க.”

ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு பெண் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஸ்வெட்டர், மடியில் ஒரு பை, கையில் செபமாலை.

“உள்ளுக்கு ஆள் இருக்கே” என்றேன்.

“அது என் சம்சாரம் மிஸ், மேரி. வண்டியோட சேர்ந்ததுங்க.”

மேரி அக்கா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். போகவர மூவாயிரத்து ஐந்நூறு ரூபா என்று பேசிக்கொண்டோம். வேண்டாம் என்றுதான் சவரிமுத்து சொன்னார். ஆய்வில் பங்கெடுப்பவரின் வண்டியில் சும்மா போகக்கூடாதென்பது எங்கள் விதி.

பெரகலை வழியாக ஹல்துமுல்லைக்குப் பதினொரு கிலோமீற்றர் அளவு இருக்கும். முழுவதும் இறக்கம், முழுவதும் வளைவு. ஆட்டோவில் கிளச்சும் கியரும் இடது கைக்கு, அக்சிலேற்றர் வலது கைக்கு, பிரேக் வலது காலுக்கு. இடது காலுக்கு ஒரு வேலையும் கிடையாது. இதைக் கண்டுபிடித்ததும் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. மீதிப் பாதியை மேரி அக்கா வைத்திருந்தார்.

“ஹாரன அடிங்க.”

அடித்தார்.

“லாரி வருது.”

“நானும் பாத்துக்கிட்டுதானே இருக்கேன்.”

“பாத்தா மட்டும் போதுமா? ஒதுங்குங்க. மிஸ் வேற இருக்காங்க.”

ஒவ்வொரு வளைவுக்கும் சிலுவை போட்டார். பெரகலைக்குக் கிட்ட அரை பிஸ்கட்டை எடுத்து முன்னால் நீட்டினார். சர்க்கரை இறங்கி ஒரு முறை மயங்கியிருக்கிறாராம், அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. சவரிமுத்து கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் வாயை மட்டும் திருப்பி அதை வாங்கிக்கொண்டார். இவ்வளவு ஒத்திகை பார்த்த காட்சியை நான் நாடகங்களிலும் கண்டதில்லை. குறிப்பு எழுதப் பார்த்தேன். எழுத்து எல்லாம் மலையிறங்கி ஓடியது.

பத்தேகாலுக்கு ஹல்துமுல்லைக்கு அப்பால், தேயிலைக்கு நடுவில் அவர்களுடைய லயத்தை அடைந்தோம். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் கேட்கும். தனிமையில் நேர்காணல் செய்யவேண்டும் என்பது எங்கள் இன்னொரு விதி. நான் முதல் கேள்வியைக் கேட்டேன், “செயற்கைக் காலை நீங்களே போடுவீங்களோ?” வாசலில் நின்ற ஆறேழு பேரும் ஒரே குரலில், “போடுவாருங்க” என்றார்கள். இரண்டாவது கேள்விக்கு அவர்களுக்குள் கருத்து வேறுபாடு வந்து, தண்ணீர்க் குழாயடி வரைக்கும் போய் விவாதித்தார்கள். அந்த இடைவெளியில், மேரி அக்கா தேநீர் போட உள்ளே போயிருந்தபோது, சவரிமுத்து குரலைத் தாழ்த்தினார்.

“மிஸ், ஒரு உதவி. நான் தனியா ஓட்டலாம்னு அவகிட்ட நீங்க சொல்லணும். நான் சொன்னா கேக்க மாட்டா. எனக்காக அவ மலைக்குக் கொழுந்து எடுக்கப் போறதையே விட்டுட்டா. எத்தன பேரு போச்சு தெரியுங்களா? அத நெனச்சாதான் எனக்கு ராத்திரி தூக்கம் வரல.”

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு விழும் சம்பளத்தைப் பேரு என்பார்கள். மனைவியின் பேரெல்லாம் தன் காலோடு போகிறது என்பது அவருடைய கவலை. எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஒருவரைத் தன் காலில் நிற்கவைப்பதுதானே எங்கள் தொழில்? ஓட்டுவதை நானே பார்த்துவிட்டேன். அப்பழுக்கில்லை. மயக்கத்துக்குப் பிஸ்கட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் முடிந்தது. மேரி அக்காவிடம் நல்ல செய்தி சொல்ல அடுப்படிக்குப் போனேன்.

அவர் கேத்தலை விரலால் பிடிக்கவில்லை. இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் அணைத்துத் தூக்கினார். விரல் மூட்டுகள் எல்லாம் வீங்கியிருந்தன.

“அக்கா, கை எவ்வளவு காலமா இப்பிடி?”

அவர் முதலில் வாசலைப் பார்த்தார். “சத்தமா பேசாதீங்க மிஸ். காலையில விரல் மடங்காதுங்க. மடங்காத விரலால எப்படிக் கொழுந்து எடுக்கிறது? அதான் இவரு வண்டியில ஏறிக்கிட்டேன். காவலுக்குப் போறேன்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அவரு தனியா ஓட்டலாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. நாளைக்கே நான் பெரட்டுக்குப் போய் நிக்கணும்.”

பெரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடம்.

“அண்ணையிட்டைச் சொல்லலாமே?”

“சொன்னா ராவு பகல்னு பாக்காம ஹயர் ஓடுவாரு. அந்தக் காலு தாங்காது. ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளி போதுங்க.”

பிறகு இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயை என்னிடம் தந்தார். ஒருவர் நம்பிக்கையோடு சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது என்பது எங்கள் விதிகளிலேயே பெரிய விதி. ஒரே வீட்டில் இரண்டு பேருடைய ரகசியத்தை வாங்கிவிட்டேன். ஒருவர் சொல் என்கிறார், மற்றவர் சொல்லாதே என்கிறார், இரண்டும் ஒரே வாக்கியம். மத்தியானம் கருவாட்டுக் குழம்பு மிக நன்றாக இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை. இந்த இருவரில் யாருக்கு நான் துரோகம் செய்வது?

மூன்று மணிக்குத் திரும்பினோம். ஏற்றம் தொடங்கியதும் மழையும் தொடங்கியது. சவரிமுத்து, “மேரி, தெரைய மாட்டு” என்றார். ஆட்டோவின் பக்கத்து ரெக்சின் திரையைச் சின்னக் கொக்கிகளில் மாட்டவேண்டும். மேரி அக்கா ஒரு கொக்கியோடு மல்லுக்கட்டினார். அது வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. “மிஸ், நீங்க மாட்டிப் பழகுங்களேன், ஆய்வுக்கு ஆகும்” என்றார் சிரித்துக்கொண்டு. நான் மாட்டினேன். அப்புத்தளை வரைக்கும் சவரிமுத்துவின் கண் முன் கண்ணாடிக்கும் ரோட்டுக்குமாகப் போய்வந்தது. ஹாரனைக்கூட மேரி அக்கா சொல்வதற்கு முன்பே அடித்தார்.

நாலரைக்கு ரயில் நிலையம். பதுளைக்குப் போகும் ரயில் தாமதம். வழிக்கு வடை வாங்கித் தருகிறேன் என்று மேரி அக்கா எதிர்க்கடைக்கு ஓடினார். சவரிமுத்து வண்டியிலிருந்து இறங்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மிஸ், காலையில நான் கேட்டத வுட்டுருங்க.”

“ஏன் அண்ணை?”

“இந்தக் கண்ணாடியில அவ கையப் பாத்தேன். இவ்வளவு நாளா ரோட்ட மட்டுந்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.” கொஞ்ச நேரம் துடைத்த இடத்தையே துடைத்தார். “கூட ஆளு இல்லாம நான் ஓட்டக் கூடாதுன்னு சொல்லிடுங்க. நான் சொல்லச் சொன்னேன்னு அவளுக்குத் தெரிய வேணாம்.”

இது மூன்றாவது ரகசியம்.

மேரி அக்கா வடையோடு வந்தார். நான் நிமிர்ந்து நின்று, வைத்தியசாலையில் நோயாளிகளை அதட்டும் குரலை வரவழைத்துக்கொண்டேன்.

“அண்ணை ஆட்டோ வடிவா ஓடுறார். ஆனா பின்னுக்கு ஒரு ஆள் கட்டாயம் இருக்கவேணும்.”

“பாத்தீங்களா, நான் என்னா சொன்னேன்?” என்றார் மேரி அக்கா கணவரைப் பார்த்து.

“பொறுங்கோ, இன்னும் முடியேல்லை. காவலுக்கு இருக்கிற ஆளின்ரை கண், கை எல்லாம் சரியோ எண்டும் பாக்கவேணும். அண்ணை பதுளைக் கிளினிக்குக்கு வரேக்கை அந்த ஆளும் தன்ரை பேரைப் பதிஞ்சு டொக்டரிட்டைக் காட்டவேணும்.”

மேரி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் பாதி இருந்தது. “எனக்கு எதுக்குங்க கிளினிக்கு?”

“மிஸ் சொல்லிட்டாங்கல்ல” என்றார் சவரிமுத்து. “ரூல்ஸு.”

“உங்களுக்காகத்தான் வர்றேன், தெரிஞ்சுக்கங்க.”

“எனக்காகத்தான்” என்றார் அவர்.

அப்படி ஒரு விதி எங்கேயும் கிடையாது. அப்புத்தளை ரயில் நிலைய வாசலில், கையில் வடையோடு, நான் இயற்றியது.

ரயில் ஐந்தே காலுக்கு வந்தது. தியத்தலாவை தாண்டும்வரை வடை சூடாகவே இருந்தது. இரவு பதுளையில் சவரிமுத்துவுக்குப் புள்ளி போட உட்கார்ந்தேன். எங்கள் அளவுகோல் சுலபமானது. ஒரு வேலையைத் தனியாகச் செய்தால் முழுப் புள்ளி, பக்கத்தில் ஓர் ஆள் வேண்டுமென்றால் குறைவு. அவருக்குக் குறைத்துத்தான் போட்டேன், விதி அப்படி. யாழ்ப்பாணத்தில் நான் தனியாகக் கார் ஓட்டுகிறேன், தனியாகச் சமைக்கிறேன், முதுகு வலித்தால் தனியாகத் தைலம் எட்டும் இடம்வரை தேய்த்துக்கொள்கிறேன். அதன்படி எனக்கு முழுப் புள்ளி. அன்றைக்கு அது எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது.