மாமன் எடுத்த பச்சைப் பட்டு

என் பெட்டியின் அடியில் ஒரு பச்சைப் பட்டுச்சேலை கிடக்கிறது. ஒரு சாண் உள்ளே மடித்து இடுப்பில் செருகிய இடத்தில் பட்டு இற்றுப்போயிருக்கிறது. அக்கா அவ்வளவு குள்ளம். அவளுடைய பூப்புச் சடங்குக்கு தாய்மாமன் எங்கள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எடுத்துவந்த சேலை அது. நியாயமாகப் பார்த்தால் எனக்கு வந்திருக்க வேண்டியது.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு இரண்டு வருஷம் முன்பு நடந்தது. அக்காவுக்குப் பதினேழு முடிந்தும் அவள் வயதுக்கு வரவில்லை. அகன்ற கழுத்தும் பத்து வயதுப் பிள்ளையின் உடம்புமாக வளையவந்தாள். ஊருக்கு வெளியே திருவண்ணாமலை என்றே பேர்கொண்ட குன்றில் இருக்கும் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டு அம்மா சனிக்கிழமை தவறாமல் மலையேறினாள். பெருமாள் என்ன நினைத்தாரோ, பதின்மூன்று வயதில் நான் முந்திக்கொண்டேன். பெரியவள் இருக்கச் சின்னவளுக்குச் சடங்கு வைத்தால் பெரியவளின் கதை சந்தி சிரித்துவிடும். அம்மா என்னை அடுக்களைக்குள் இழுத்தாள்.

"வாயத் தெறக்காதட்டி. நீ சின்னவ, ஒனக்குப் பொறவு சொல்லிக்கிடலாம்."

வெளுக்க வரும் அம்மாள் துணியைப் பார்த்து எடுத்துப்போனால்தான் எங்கள் தெரு நம்பும். என் துணியை அக்காவின் துணி என்று அம்மா கொடுத்தாள். மாமன் ஓலைக் குடிசை கட்டினார். பதினாறு நாள் அக்கா அதற்குள் தலைகுனிந்து உட்கார்ந்து, எனக்குக் கிடைக்க வேண்டிய உளுந்தங்களியைத் தின்றாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

அதே வருஷம் அவளை ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாமியார் கண்ணில் எத்தனை நாள் மண்ணைத் தூவ முடியும்? எட்டாம் மாதம் அந்த அம்மாளே வண்டி கட்டிவந்து அக்காவை வாசலில் இறக்கினாள்.

"ஒரு மாசங்கூட இவ விலகி உக்காரலியே! தெரிஞ்சே எங்க தலையில கட்டிட்டியளா?"

"எங்க வீட்டுல மாசம் தவறாம உக்காந்தவதான்" என்றாள் அம்மா. சாட்சிக்கு என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அப்படியானால் இவள் மருந்து தின்று கெடுத்துக்கொண்டவள் என்று அக்காமேல் பழி விழுந்தது. அது கடைசிவரை போகவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா இந்தச் சேலையை என் மடியில் வைத்தாள். "ஒனக்கு வந்ததுதானட்டி இது. நீயே வச்சுக்க." நாற்பது வயதைத் தாண்டாமல் இதயக் கோளாறில் செத்துப்போனாள்.

பிற்காலத்தில் நான் மதுரையில் நர்ஸ் வேலை பார்த்தேன். ஓய்வுபெறும் சமயத்தில், அகன்ற கழுத்தோடு குள்ளமாக ஒரு பெண் வந்தாள். டாக்டரம்மா அவளுடைய குரோமோசோம் படத்தைக் காட்டினார். பெண்களுக்குப் பெரும்பாலும் இரண்டு எக்ஸ் இருக்கும், இவளுக்கு ஒன்றுதான், அதனால் சூலகம் சரியாக வளரவில்லை, கரு உண்டாகும்போதே நேர்ந்துவிட்டது, யார்மேலும் குற்றமில்லை என்றார். அந்தப் பெண்ணின் தாய் அழுதாள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அன்று எங்களுக்கு ஆளில்லை. சொல்லியிருந்தாலும் அம்மா அந்தத் துணியைக் கொடுத்திருப்பாள்.

சேலையை வெயிலில் காட்டி மறுபடி மடிக்கிறேன். ஒருநாளும் நான் உடுத்தியதில்லை. ஒரு எக்ஸ் குறைந்ததற்கு யாரும் பொறுப்பில்லை, சரி. வாசலில் தலையாட்டியது நான்.