கோதுமைத் தாள் பின்னிய ஞாயிறு

ஜெர்மனியில், எர்லாங்கன் நகருக்கு வெளியே ஒரு கிராமத்துத் தேவாலயத்தின் முன்னால் பஸ்ஸிலிருந்து இறங்குகிறோம். அறுவடைக்கு நன்றி சொல்லும் ஞாயிற்றுக்கிழமை. தம்பி சேகர் சைக்கிளிலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டான் என்று தந்தி வந்ததும் டார்ம்ஸ்டாட்டிலிருந்து ரயிலேறியவள் நான். அன்றிலிருந்து பகலில் ஆஸ்பத்திரி, இரவில் என் ஆய்வேடு. இன்றுதான் அவன் வெளியே வந்திருக்கிறான். எனக்கோ எங்காவது படுத்தால் போதும் என்றிருக்கிறது.

வாசலில் நீளமான மேஜை. பெண்கள் ஊறவைத்த கோதுமைத் தாளைச் சடைபோலப் பின்னி, தேவாலயத்தில் வைக்கப்போகும் பெரிய அறுவடை மகுடம் ஒன்றில் சுற்றிக் கட்டுகிறார்கள். அவர்களில் ஒரு அம்மாள் எங்களிடமும் ஒரு பிடி நீட்டுகிறாள்.

“வேண்டாம்க்கா. விரல் மடங்கவே மாட்டேங்குது,” என்கிறான் சேகர். கட்டுப் பிரித்ததிலிருந்து இதையேதான் சொல்கிறான். நான் அதை அந்த அம்மாளுக்கு ஜெர்மனில் சொல்கிறேன்.

“அப்ப அவர் நுனியைப் பிடிக்கட்டும், நீங்க பின்னுங்க. நானும் என் அண்ணனும் அப்படித்தான் செய்வோம்,” என்கிறாள்.

பிடிக்கிறான். நழுவுகிறது. மறுபடி பிடிக்கிறான். நான் இழுத்துப் பின்னப் பின்ன அவன் நெற்றி வியர்க்கிறது. விரல்கள் மட்டும் விடவில்லை. சடை கோணலாகத்தான் வருகிறது. அதையும் மகுடத்தில் கட்டிவிடுகிறார்கள்.

“இந்த வருஷம் நீங்க எதுக்கு நன்றி சொல்றீங்க?” அந்த அம்மாள் அவனிடம் கேட்கிறாள். கை பிழைத்ததற்கு என்பான் என்று நினைக்கிறேன்.

சேகர் தன் அரைகுறை ஜெர்மனில், “அக்கா வந்தாங்க,” என்கிறான்.

என் உடம்பின் அசதி அப்படியேதான் இருக்கிறது. இன்னொரு பிடி தாள் கேட்டு வாங்கி, நுனியை அவனிடம் நீட்டுகிறேன்.