வெளிச்சம் விற்றவர்

எங்கள் உணவுப் பரிசோதனைக் கூடத்துக்கு ஒளியிழைக் கருவி விற்க வந்தவர் அவர். இஸ்திரி கலையாத சட்டை, கையில் ஒரு பெட்டி. அதற்குள்ளிருந்து நீளமான ஒளியிழையைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல எடுப்பார். யாராவது அதன் கண்ணாடி நுனியில் விரல் வைத்துவிட்டால் முகம் சுருங்கும். உடனே மெல்லிய தாளால் துடைப்பார்.

"மூக்கு, விரல் எல்லாம் பழைய காலம் சார். நுனியை மீன் மேல வச்சா போதும். திரும்பி வர்ற வெளிச்சமே புதுசா பழசான்னு சொல்லிடும்."

நான் மயங்கிப்போய், இரண்டு வாங்கலாம் என்று பரிந்துரை எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் ஊர் தேக்கா மீன் சந்தையில் அவரைப் பார்த்தேன். ஒரு கொடுவா மீனின் செவுளைப் பிரித்து, வயிற்றை விரலால் அழுத்தி, மூக்கருகே வைத்து முகர்ந்துகொண்டிருந்தார்.

"கருவி கொண்டு வரலையா?" என்று கேட்டேன்.

கூச்சமே இல்லாமல் சிரித்தார். "அது ஆபீஸுக்கு லா சார். இதை நான்ல சாப்பிடணும்!"

எனக்கும் ஒரு மீன் பொறுக்கிக் கொடுத்தார். அருமையான மீன்.

கருவிகள் வந்துவிட்டன. மேலதிகாரி கேட்கும்போதெல்லாம், விற்க வந்தவர் ஆபீஸில் சொன்னதையே சொல்லிக் கருவியை மெச்சுகிறேன். ஞாயிறானால் தேக்காவில் செவுளைப் பிரித்துப் பார்க்கிறேன்.